ஒற்றைக் கண் கார்

மகள் வீட்டு கராஜில் ஒரு சிவப்புக் கார் இருக்கிறது என்று போனில் கேள்விப்பட்டிருந்தேன். அது எப்பேர்ப்பட்ட கார் என்று நான் விசாரிக்கவில்லை. போன வருஷம் ஏப்ரலில் நானும் வீட்டுக்காரியும் ஆறு மாதத்துக்கு நியூ ஜெர்ஸி போனபோதுதான் நேரில் பார்த்தேன். இரண்டு பேர்தான் உட்காரலாம். மேற்கூரை துணி. உள்ளே உட்கார்ந்தால் தரையில் பாய் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். எழுந்திருக்க எனக்கு ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. முன்பக்கம் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று சரிந்து இறங்கியது. எங்கேயும் விளக்கைக் காணோம்.

"ஹெட்லைட் எங்கே மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

அவர் உள்ளே கைவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினார். வலது பக்கம் ஒரு மூடி மேலே எழும்பி, அதற்குள்ளிருந்து உருண்டை விளக்கு ஒன்று தவளைக் கண் மாதிரி எட்டிப் பார்த்தது. இடது பக்கம் மட்டும் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு அப்படியே படுத்திருந்தது.

"தாத்தா, கார் கண்ணடிக்குது!" என்று பேத்தி கைதட்டினாள்.

அன்று ராத்திரி வீட்டுக்காரியிடம், "முப்பது வருஷத்துப் பொம்மைக் காரை வாங்கி வெச்சுக்கிட்டு ஆறு வருஷமா அதுக்குச் செலவு பண்ணிட்டு இருக்கார்" என்று சொன்னேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. காரணம் பின்னால் வரும்.

அது மாஸ்டா கம்பெனியின் எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா என்பார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். மாப்பிள்ளையுடையது 1992 மாடல். 1997 வரை வந்த முதல் தலைமுறைக்கு மட்டும்தான் இந்த எழும்பும் விளக்கு உண்டு. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சாதாரண விளக்குதான்.

விளக்கை எதற்காக மறைத்து வைத்தார்கள் என்று நானும் யோசித்தேன். மாப்பிள்ளை விளக்கம் சொன்னார். காற்றைக் கிழித்துக்கொண்டு போக முன்பக்கம் தாழ்ந்து இருக்க வேண்டும். ஆனால் விளக்கு தரையிலிருந்து இவ்வளவு உயரத்தில் இருந்தாக வேண்டும் என்று சட்டம். போதாததற்கு, அமெரிக்காவில் 1940 முதல் 1983 வரை குறிப்பிட்ட அளவில் செய்த 'சீல்டு பீம்' விளக்கைத்தான் போட வேண்டும். இஷ்டத்துக்குச் சப்பையாகச் செய்ய முடியாது. ஆகவே பகலில் படுத்திருக்கும், ராத்திரியில் எழுந்து நிற்கும் என்று வழி கண்டார்கள்.

முதலில் இதைச் செய்தது கார்டு 810 என்ற கார், 1936 மாடல். அதில் மோட்டார் கிடையாது. டேஷ்போர்டில் ஆளுக்கு ஒன்றாக இரண்டு கைப்பிடிகள். ஓட்டுகிறவர் சுற்றிச் சுற்றி விளக்கை வெளியே கொண்டுவர வேண்டும். 1962-ல் வந்த லோட்டஸ் எலான் காரில் இன்ஜினின் வெற்றிட உறிஞ்சலை வைத்தே விளக்கைத் தூக்கினார்கள். அப்புறம்தான் மின்சார மோட்டார் எங்கும் பரவியது. 1983-ல் அமெரிக்க விதி தளர்ந்ததும் விளக்கை எந்த உருவத்திலும் செய்யலாம் என்றாகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக இந்த வித்தை மறைந்து, 2004-க்குப் பிறகு பெரிய கம்பெனி எதுவும் செய்யவில்லை.

கைப்பிடி, மோட்டார் என்ற வார்த்தைகளைக் கேட்டதும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்துவிட்டான். பழைய வாசகர்களுக்குத் தெரியும். தெற்கு ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவன் நான். தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற பாயின்ட் மெஷினும் இந்த விளக்கும் ஒரே ஜாதி. அங்கேயும் ஒரு மோட்டார், ஒரு கம்பி. கடைசிவரை போனதும் கரன்டைத் துண்டிக்கிற கான்டாக்ட். மோட்டார் வேலை செய்யாவிட்டால் கையால் சுற்ற கிராங்க் ஹேண்டில். அந்த ஹேண்டிலை உள்ளே நுழைக்கிறபோதே மோட்டாருக்குப் போகிற கரன்ட் அறுந்துவிடும். இல்லாவிட்டால் சுற்றுகிறவன் கை போய்விடும்.

மியாட்டாவிலும் அதே ஏற்பாடு. ஒவ்வொரு விளக்குக்கும் தனி மோட்டார். மோட்டார் ஒரே திசையில்தான் சுற்றும். அரைச்சுற்றில் விளக்கு மேலே, அடுத்த அரைச்சுற்றில் கீழே. மாட்டிக்கொண்டால், பானெட்டைத் திறந்து, விளக்கைத் தூக்குகிற மோட்டாரின் ஃபியூஸை முதலில் பிடுங்கிவிட்டு, மோட்டாரில் ரப்பர் மூடிக்குள் இருக்கிற திருகைக் கையால் சுற்றி விளக்கை எழுப்பலாம்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நம் பழைய கைகாட்டியில் கம்பி அறுந்தால் எதிர் எடை இழுத்து, கை தானாக 'நில்' என்ற நிலைக்குப் போய்விடும். பழுதானாலும் ஆபத்தில்லாத பக்கமாகப் பழுதாகும். இந்தக் கார் விளக்கு அப்படியில்லை. எந்த நிலையில் பழுதானதோ அந்த நிலையிலேயே நின்றுவிடும். ராத்திரி நடுவழியில் ஒற்றை விளக்கோடு போனால் போலீஸ் நிறுத்துவது இருக்கட்டும். எதிரே வருகிறவன் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து இடித்துவிட்டால்?

ஜூன் மாதம் ஒரு நாள் மாப்பிள்ளை, "மாமா, காரை வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். நல்ல புத்தி வந்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒருவர் வந்து பார்த்தார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். விளக்கைப் போட்டுப் பார்த்ததும் முகம் மாறியது. மின்சாரக் கோளாறு என்றால் எங்கே போய் முடியும் என்று தெரியாது என்று சொல்லி, கேட்ட 7500 டாலரில் 1500-ஐக் குறைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று மாப்பிள்ளை அனுப்பிவிட்டார்.

"நான் பார்க்கறேன் விடுங்க" என்றேன். இரண்டு மாதமாகச் சும்மா உட்கார்ந்து டிவி பார்த்த கை பரபரத்தது.

ஃபியூஸை எடுத்துவிட்டுத் திருகைச் சுற்றினேன். விளக்கு வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. ஆகவே கம்பியிலோ கீலிலோ இறுக்கம் இல்லை. ஃபியூஸைத் திரும்பப் போட்டு விளக்கை எரியவிட்டேன். இடது விளக்கு வலதைவிடக் கொஞ்சம் மஞ்சளாக எரிந்தது. பல்பு பழசு என்று நினைத்து விட்டுவிட்டேன். இன்னொன்றையும் கவனித்தேன். விளக்கை எரியவிடாமல் பொத்தானை மட்டும் அமுக்கினால் பத்துக்கு இரண்டு தடவை அந்த இடது மூடி தட்டுத்தடுமாறி எழும்பியது. விளக்கைப் போட்டால் ஒரு தடவைகூட எழும்பவில்லை. இதையும் பார்த்தேன், யோசிக்கவில்லை.

மோட்டாருக்குப் போகிற பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். 12.4 வோல்ட். "கரன்ட் வருது, மோட்டார் சுத்தலை. மோட்டார் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னேன். ஒரு ஜூனியர் இப்படிச் சொல்லியிருந்தால் வேலை நேரத்தில் அவனை வறுத்தெடுத்திருப்பேன். பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுத்து மோட்டாரைச் சுற்றவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, "இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சிட்டீங்களே மாமா" என்றார். அந்தச் சொல்லில் எனக்கு இறக்கை முளைத்துவிட்டது.

பழைய கார்களைப் பிரித்து விற்கிற ஒருவரிடமிருந்து மோட்டார் வரவழைத்தார். 110 டாலர். ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் என்று மனசு தானாகப் பெருக்கியது. சனிக்கிழமை காலை மாட்டினோம். கம்பியைக் கோத்து, நட்டை இறுக்கி, "அமுக்குங்க மாப்பிள்ளை" என்றேன்.

'ம்ம்ம்'. அதே முனகல்.

மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கி வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் உட்கார்ந்து ஸ்பானரைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, எனக்கு வேலை போயிருச்சு. மார்ச்லயே போயிருச்சு. நீங்க டிக்கெட் எடுத்துட்டீங்க. வந்ததும் சொல்லலாம்னுதான் இருந்தோம். உங்களுக்கு ஸ்டென்ட் வெச்சு ஒரு வருஷம்கூட ஆகலைன்னு அவ வேண்டாம்னுட்டா."

நாங்கள் போன நாளிலிருந்து அவர் தினமும் ஒன்பது மணிக்குக் குளித்து, சட்டை போட்டு, மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வீட்டிலிருந்தே வேலை என்று மகள் சொல்லியிருந்தாள். மதியம் சாப்பிட இறங்கி வரும்போது, "மீட்டிங் முடிஞ்சுதா மாப்பிள்ளை?" என்று நான் கேட்பேன். "முடிஞ்சுது மாமா" என்பார். அந்த அறைக்குள் அவர் செய்துகொண்டிருந்தது வேலை தேடுவது. மகள் முன்பு வாரம் ஒரு நாள் போன ஆபீஸுக்கு இப்போது நாலு நாள் போனாள். வெளியில் சாப்பிடப் போவது நின்றிருந்தது. பேத்தியின் நீச்சல் வகுப்பு 'லீவு' என்றார்கள். எல்லாவற்றையும் பார்த்தேன். மஞ்சளாக எரிந்த விளக்கைப் பார்த்த மாதிரிதான் பார்த்தேன்.

ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? "வீட்டு லோன் எப்படிப் போகுது?" என்று கேட்டேன். இந்தக் காரை விற்றால் மூன்று மாதத் தவணைக்கு ஆகும் என்றார். கிரீன் கார்டு வந்துவிட்டதால் ஊரைக் காலி செய்ய வேண்டிய பயம் இல்லை என்றார். நான் என் வைப்புநிதியைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"வேண்டாம் மாமா. இந்த லைட்டை மட்டும் சரி பண்ணிக் கொடுங்க, போதும்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள், "எனக்குப் போன மாசமே தெரியும். நீங்க பொம்மைக் கார்னு சொன்னதுக்கு அப்புறம் உங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விடிந்ததும் கராஜுக்குப் போய், கழற்றிய பழைய மோட்டாரை எடுத்தேன். முனைகளைப் பார்த்து, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுத்தேன். விர்ரென்று சுற்றியது. அந்த மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியானால் ஒயரில்தான் குறை. ஆனால் மீட்டர் 12.4 காட்டியதே?

சிக்னல் வேலையில் முதல் வருஷம் கற்றுக்கொடுக்கிற பாடம் அப்போதுதான் உறைத்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்தால், ஒயரில் கரன்ட் ஓடுவதே இல்லை. மீட்டர் குடிப்பது ஒரு சொட்டு. துருப்பிடித்த இணைப்புகூட அந்தச் சொட்டைக் கொடுத்துவிடும், மீட்டரும் முழு வோல்ட் காட்டும். மோட்டார் கேட்பது குடம் குடமாக. அப்போதுதான் அடைப்பு தெரியும். பாரம் ஏற்றி அளக்க வேண்டும்.

மாப்பிள்ளை காபி டம்ளரோடு இறங்கி வந்தார். பிளக்கை மாட்டினோம். மோட்டாரின் கறுப்பு ஒயர் முனையில் மீட்டரின் ஒரு ஊசி, பேட்டரி மைனஸில் இன்னொன்று. காரில் இந்தக் கறுப்பு ஒயர் காரின் தகர உடம்போடு சேர்ந்து பேட்டரி மைனஸுக்கே திரும்பிப் போகிறது. இதைத்தான் எர்த் என்கிறோம். ஆகவே இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். கால் வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

"லைட்டோட சேர்த்துப் போடுங்க."

ஐந்து வோல்ட்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினேன். பன்னிரண்டில் ஐந்து திரும்புகிற வழியிலேயே செத்துப்போனால் மோட்டார் முனகாமல் என்ன செய்யும்?

கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். முன்சக்கர வளைவுக்குப் பக்கத்தில், டேப் சுற்றிய இடத்தில் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு முன்னால் வைத்திருந்த யாரோ அந்தப் பக்கம் இடித்திருக்கிறார்கள். தகரத்தைத் தட்டிப் பெயின்ட் அடித்த மெக்கானிக், விளக்கின் கறுப்பு ஒயரையும் மோட்டாரின் கறுப்பு ஒயரையும் சேர்த்து முறுக்கி, ஒரே லக்கில் பிடித்து, புதுப் பெயின்டின் மேலேயே ஒரு திருகு போட்டு முடுக்கியிருந்தார். லக்குக்கும் தகரத்துக்கும் நடுவே பெயின்ட். திருகின் மரை வழியாக மட்டும்தான் இத்தனை வருஷம் கரன்ட் போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்த மரையும் துருப்பிடித்துவிட்டது.

இரண்டு புதிருக்கும் விடை கிடைத்தது. இடது விளக்கு மஞ்சளாக எரிந்ததற்குக் காரணம், அதற்கும் அதே எர்த்துதான். பொத்தானை மட்டும் அமுக்கினால் சில சமயம் எழும்பியதற்குக் காரணம், அப்போது விளக்கு கரன்ட் கேட்கவில்லை. இருந்த கொஞ்சத்தை மோட்டார் மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து கேட்டபோது யாருக்கும் போதவில்லை.

பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, லக்கை வெட்டி எடுத்தோம். ஒயர் நுனியைப் பளபளவென்று சுரண்டி, இரண்டுக்கும் தனித்தனியாகப் புது லக். தகரத்தை உப்புத்தாளால் வெள்ளி நிறம் தெரிகிறவரை தேய்த்தேன். பல் வைத்த வாஷர், புதுத் திருகு. இறுக்கிய பிறகு துரு பிடிக்காமல் இருக்க மேலே வாசலின். மொத்தச் செலவு நாலு டாலர்.

கைவிரல் எதுவும் கம்பிக்கு நடுவில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "போடுங்க" என்றேன்.

இரண்டு கண்ணும் ஒன்றாக எழும்பின. மாப்பிள்ளை போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். இருபது தடவையாவது இருக்கும். சத்தம் கேட்டுப் பேத்தி ஓடிவந்தாள். "இப்ப ரெண்டு கண்ணும் தொறந்துடுச்சு. இனிமே கண்ணடிக்காதா?" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டாள். எடிசன் பல்பை எரியவைத்துக் காட்டிய மென்லோ பார்க் அந்த ஊருக்குள்தான் இருக்கிறது. அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்கும் இருந்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

முதலில் வந்தவரே மறுவாரம் வந்தார். நான் ஃபியூஸை எப்படி எடுப்பது, திருகைக் கையால் எப்படிச் சுற்றுவது என்று என் இங்கிலீஷில் காட்டிக்கொடுத்தேன். உபரி மோட்டாரையும் அவரிடமே கொடுத்தோம். 7500 டாலருக்கு மறுபேச்சு பேசவில்லை. கிளம்பும்போது பட்டப்பகலில் விளக்கை ஒரு தடவை தூக்கி இறக்கிவிட்டுப் போனார். கார் திரும்பி மறைகிறவரை மாப்பிள்ளை வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, கராஜில் எண்ணெய் சொட்டியிருந்த இடத்தை உட்கார்ந்து துடைத்தார். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நாங்கள் ஊர் திரும்புகிறவரை அவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் மாடிக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. டிசம்பரில் ஒரு இடத்தில் சேர்ந்தார். சம்பளம் முன்பைவிடக் குறைவு, தவணைக்குப் பழுதில்லை.

உங்கள் வீட்டில் மியாட்டா இருக்கப்போவதில்லை. ஆனால் ஸ்கூட்டர் இருக்கும், பழைய மாருதி இருக்கும். விளக்கு மஞ்சளாக எரிந்தாலோ, ஹார்ன் அடித்தால் இண்டிகேட்டர் மங்கினாலோ, பல்பையும் பேட்டரியையும் மாற்றுவதற்கு முன்னால் எர்த் ஒயர் திருகைக் கழற்றி, சுத்தம் செய்து மாட்டிப் பாருங்கள். அளப்பதாக இருந்தால் எல்லாம் ஓடும்போது அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாமே பன்னிரண்டு வோல்ட்தான் காட்டும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் வீட்டுக்குப் போன் பண்ணுவேன். முன்பெல்லாம் "எல்லாரும் சௌக்கியமா?" என்பேன், "சௌக்கியம்" என்பார்கள், பேத்தியிடம் பேசிவிட்டு வைத்துவிடுவேன். இப்போது மாப்பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொல்கிறேன். அரை மணி நேரம் ஆகிறது.